வலப்பக்கத்து இருக்கை

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், சீடன் என்றால் மீசை அரும்பாதவனாக இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. இந்தக் கதையின் குருவுக்கு வயது முப்பத்தொன்று. பெயர் உமையாள். விமானம் ஓட்டக் கற்றுத் தரும் பள்ளி ஒன்றில் பயிற்றுநர். மாணவர்கள் அவளைக் கேப்டன் என்பார்கள். சீடன் ஆல்ட்ரின் மச்சாது அவளைவிட ஐந்து வயது மூத்தவன். தூத்துக்குடிக்காரன். பத்து வருஷம் கப்பலின் எஞ்சின் அறையில் வெந்துவிட்டு, இனிமேலாவது வெளிச்சத்தில் வேலை பார்ப்போம் என்று வந்து சேர்ந்தவன்.

பள்ளி ஒரு பொட்டல் நடுவே இருந்தது. ஓர் ஓடுபாதை, ஒரு தகரக் கொட்டகை, டவர் என்று மரியாதைக்குச் சொல்லப்படும் இரண்டு மாடிக் கட்டடம். விமானங்கள் இரண்டு பேர் மட்டும் உட்காரும் சிறிய ரகம். இடப்பக்கம் மாணவன், வலப்பக்கம் ஆசிரியர். இருவர் கைக்கும் ஒரே மாதிரிப் பிடி, இருவர் காலுக்கும் ஒரே மாதிரி மிதிகள். ஒருவர் மிதித்தால் மற்றவருடைய மிதியும் சேர்ந்து அமுங்கும்.

மாணவன் தேறிவிட்டான் என்று தோன்றுகிற நாளில் ஆசிரியர் இறங்கிக்கொள்வார். மாணவன் தனியாக ஏறி, ஒரு சுற்று வந்து, இறங்க வேண்டும். அதற்கு சோலோ என்று பெயர். இறங்கியவன் தலையில் மற்ற மாணவர்கள் வாளி வாளியாகத் தண்ணீர் கொட்டுவார்கள். அது அங்கே வழக்கம். நான்கு மாதமாக அந்த வாளிகள் கொட்டகை மூலையில் காய்ந்து கிடந்தன.

நான்கு மாதத்துக்கு முன் சோலோ போனவன் குகன். சேலத்துப் பையன், இருபத்திரண்டு வயது. ஆல்ட்ரினோடு ஒரே அறையில் இருந்தவன். அன்று காலை பல் துலக்கிக்கொண்டே வந்து சொன்னான்.

"அண்ணே, கேப்டன் சொல்லிட்டாங்க. நான் ரெடியாம்."

இறங்குகிற சமயத்தில் காற்று விமானத்தை ஒருபக்கமாகத் தள்ளியது. குகன் இறங்காமல் மறுபடி மேலேறப் பார்த்தான். அது சரியான முடிவுதான். ஆனால் அதற்காக எஞ்சினை ஒரேயடியாகத் திறக்கும்போது விமானத்தின் மூக்கு இடப்பக்கம் ஓடும். வலது காலை அழுத்தி மிதித்து அதை நேராக்க வேண்டும். குகன் போதுமான அளவு மிதிக்கவில்லை. விமானம் இடப்பக்கம் சாய்ந்து, ஓடுபாதையை ஒட்டிய கருவேலங்காட்டில் விழுந்தது.

விசாரித்தவர்கள் உமையாளிடம் கேட்டார்கள்.

"உங்களோடு பறந்தபோது அவன் இந்தத் தவறைச் செய்திருக்கிறானா?"

"ஒரு தடவைகூட இல்லை" என்றாள் உமையாள்.

மாணவனின் கவனக்குறைவு என்று எழுதிவிட்டுப் போனார்கள். பையனின் உடலை எடுத்துப்போக வந்த அப்பா, கிளம்பும்போது உமையாளைப் பார்த்துக் கும்பிட்டார். "என் பையனால உங்களுக்குக் கெட்ட பேரும்மா. மன்னிச்சுக்குங்க" என்றார். பக்கத்தில் குகனின் துணிப்பையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆல்ட்ரினால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதன்பிறகு ஆல்ட்ரின் நன்றாகத்தான் ஓட்டினான். ஆனால் உமையாள் இறங்கிக்கொள்ளவா என்று கேட்கும்போதெல்லாம் வேண்டாம் என்றான். இரண்டு தடவை ஆயிற்று. மூன்றாவது தடவை அவள் எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டாள்.

"காரணத்தைச் சொல்லுங்க ஆல்ட்ரின்."

"ஒண்ணு கேக்கணும் கேப்டன்."

"கேளுங்க."

"நேத்து பத்து லேண்டிங் பண்ணோம். அதுல எத்தனை என்னோடது?"

"பத்தும் உங்களோடதுதான்."

"உங்க காலடியிலயும் மிதி இருக்கு. என் கால் தப்பு பண்ணி உங்க கால் அதைச் சரி பண்ணியிருந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் தொட்டா சொல்லிட்டுத்தான் தொடுவேன். நேத்து நான் எதையும் தொடலை."

"நம்புறேன் கேப்டன். ஆனா தனியா ஏற மனசு வரமாட்டேங்குது."

உமையாளுக்குக் கோபம் வரவில்லை. சந்தேகம் பிடித்த மாணவர்களை அவள் பார்த்திருக்கிறாள். வார்த்தையால் அது போகாது என்றும் தெரியும். எழுந்து வகுப்பறைக்குப் போய்ச் சாக்பீஸ் டப்பாவை எடுத்து வந்தாள்.

"இதை நுணுக்குங்க."

ஆல்ட்ரின் ஒரு கல்லை வைத்து நுணுக்கினான். தன் பக்கத்து மிதிகள் இரண்டிலும் அந்தத் தூளை உமையாளே கனமாகப் பூசினாள். பிறகு ஈரத்துணியால் தன் கறுப்பு ஷூக்களின் அடியை அழுத்தித் துடைத்து, சின்னப் பிள்ளைக்குக் கை காட்டுவதுபோல அவனுக்குக் காட்டினாள்.

"சுத்தமா இருக்கா?"

"இருக்கு."

"மூணு சுத்து போயிட்டு வருவோம். வந்து மறுபடி பாருங்க. அப்புறம் இந்தக் கேள்வியைக் கேக்கக் கூடாது."

மூன்று சுற்று போனார்கள். மூன்று முறையும் விமானம் கோடு கிழித்ததுபோல நேராக ஏறியது, நேராக இறங்கியது. ஒரு தடவை இறங்காமல் எஞ்சினைத் திறந்து மேலேறியும் பார்த்தான். மூக்கு அசையவில்லை. ஆல்ட்ரினுக்கே தன்மேல் ஒரு மதிப்பு வந்தது. வீணாக ஒரு நல்ல ஆசிரியரைச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கப்பட்டான்.

கொட்டகை வாசலில் விமானத்தை நிறுத்தினார்கள். உமையாள் உட்கார்ந்தபடியே கதவைத் திறந்து, இரண்டு கால்களையும் வெளியே நீட்டினாள். முகத்தில் லேசான சிரிப்புகூட இருந்தது.

"பாருங்க" என்றாள்.

ஆல்ட்ரின் சுற்றி வந்து குனிந்து பார்த்தான். குனிந்தவன் நிமிரவில்லை.

"என்ன?"

உமையாள் இடது காலைத் தூக்கிப் பார்த்தாள். அடிப்பாகம் கறுப்பாக இருந்தது. வலது காலைத் தூக்கினாள். விரல் நுனியிலிருந்து பாதி அடிவரை வெள்ளையாக இருந்தது.

"ஏறும்போது இறங்கும்போது பட்டிருக்கும் கேப்டன்" என்றான் ஆல்ட்ரின். "தெரியாம பட்டிருக்கும்."

"தெரியாமத்தான் பட்டிருக்கு."

அவள் உள்ளே குனிந்து மிதியைப் பார்த்தாள். தூள் சும்மா உதிர்ந்திருக்கவில்லை. ஷூவின் அச்சு பதிந்து, அமுங்கி, இறுகியிருந்தது. ஒரு தடவை மிதித்த அச்சு அல்ல அது.

மிதியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"குகன் என்னோட எத்தனை மணி நேரம் பறந்தான், தெரியுமா?"

ஆல்ட்ரினுக்குத் தெரியும். அறைச் சுவரில் குகன் பென்சிலால் எழுதி வைத்திருந்தான்.

"ஒரு தடவைகூட தப்பு பண்ணதில்லைன்னு சொன்னேன்" என்றாள் உமையாள். "உண்மைன்னு நினைச்சுத்தான் சொன்னேன்."

அப்புறம் அவள் இறங்கி, மாணவர் விடுதியைத் தாண்டி, கருவேலங்காட்டுப் பக்கமாக நடந்து போனாள். ஆல்ட்ரின் பின்னாலேயே போக நினைத்தான். போகவில்லை. துணியை எடுத்து மிதியைத் துடைக்கப் போனான். அதுவும் தகாது என்று தோன்றவே, துணியைக் கீழே போட்டுவிட்டு நின்றான்.

இரண்டு நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. ஆல்ட்ரின் பெட்டியைக் கட்டி வைத்தான். தூத்துக்குடிக்குப் போய்விடலாம், மறுபடி கப்பலே கதி என்று கிடக்கலாம் என்று முடிவு செய்தான். ஊருக்குப் போவது அவனுக்குப் பெரிய கஷ்டமில்லை. குகனுடைய கட்டில் காலியாகக் கிடக்கும் அறையில் இன்னொரு வாரம் படுப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை உமையாள் வந்தாள். கண்கள் உள்ளே போயிருந்தன. விமானத்தில் ஏறி, ஷூக்களைக் கழற்றிப் பின்னால் போட்டாள். பிறகு பந்தியில் உட்காருவதுபோல, அந்தக் குறுகலான இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏறுங்க ஆல்ட்ரின்."

"நான் ஊருக்குப் போலாம்னு இருக்கேன் கேப்டன்."

"போகலாம். உங்க கேள்விக்கு இன்னும் பதில் சொல்லலை. கேட்டுட்டுப் போங்க."

அவன் ஏறினான். ஓடுபாதையின் நுனிக்கு வந்து எஞ்சினை முழுதாகத் திறந்தான். விமானத்தின் மூக்கு இடப்பக்கம் திரும்பியது. அவன் மிதித்தான். போதவில்லை. ஓடுபாதையின் விளிம்பும் அதற்கப்பால் புல்லும் அவனை நோக்கி வந்தன. பயத்தில் எஞ்சினைக் குறைத்து, தாறுமாறாகக் கோணி நிறுத்தினான்.

உமையாள் சம்மணம் கலையாமல் இருந்தாள்.

"இது உங்களோடது" என்றாள்.

ஆல்ட்ரின் பிடியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். நாற்பது மணி நேரம் பறந்திருக்கிறான். அந்த நாற்பது மணி நேரத்தில் அவனுடைய வலது கால் ஒரு நாளும் முழு வேலை செய்ததில்லை. போன மாதம் அவள் கேட்டபோது சரி என்று சொல்லியிருந்தால், இவனுடைய துணிப்பையை வேறு எவனாவது பிடித்துக்கொண்டு நின்றிருப்பான். அவள்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சம்மணம் போட்டிருந்த அவளுடைய வலது கால் விரல்கள் மிதியைத் தேடுவதுபோல மடங்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தான்.

"மறுபடி போவோமா?" என்று அவன்தான் கேட்டான்.

எட்டு நாள் பறந்தார்கள். எட்டு நாளும் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கால் மரத்துப்போய், இறங்கும்போது இறக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் மூன்று நாள் அவன் இறங்கியதெல்லாம் பார்க்கச் சகிக்காது. டவரில் இருந்தவர், நாற்பது மணி நேரம் பறந்தவன் புதுசாய்ச் சேர்ந்தவன்போல ஓட்டுகிறானே என்று கேலி செய்தார். ஐந்தாம் நாள் வலது காலுக்குக் கொஞ்சம் புத்தி வந்தது. எட்டாம் நாள் அது தானாகவே போய் மிதித்தது.

ஒன்பதாம் நாள் உமையாள் ஓடுபாதை ஓரத்தில் விமானத்தை நிறுத்தச் சொன்னாள். பின்னாலிருந்த ஷூக்களை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"இறங்கிக்கட்டுமா?"

"நான் தயாரா கேப்டன்?"

"அதை நான் ஒருத்தன்கிட்ட சொல்லிட்டேன். இனிமே யார்கிட்டயும் சொல்றதா இல்லை. நீங்க சொல்லுங்க."

ஆல்ட்ரின் ஓடுபாதையைப் பார்த்தான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தான்.

"இறங்கிக்குங்க" என்றான்.

பக்கத்து இருக்கையில் ஆள் இல்லாத விமானம் சட்டென்று மேலே ஏறியது. வானம் மப்பும் மந்தாரமுமாக இருந்தது. கீழே கருவேலங்காட்டில் ஓரிடம் மட்டும் கருகி, இன்னும் துளிர்க்காமல் கிடந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தான். குகனுக்கும் இப்படித்தான் பக்கத்து இருக்கை காலியாகத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

இறங்க வரும்போது ஓடுபாதையில் இரண்டு மயில்கள் நின்றன. அவன் எஞ்சினை முழுதாகத் திறந்தான். மூக்கு இடப்பக்கம் போகப் பார்த்தது. வலது கால் மிதித்தது. யாருடைய காலும் உதவவில்லை. விமானம் மயில்களுக்கு மேலே நேராக ஏறிப் போயிற்று.

இன்னொரு சுற்று வந்து இறங்கினான். கொஞ்சம் குதித்துத்தான் இறங்கினான்.

கொட்டகையில் ஒரு மாணவன் வாளியை எடுத்துத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தான். கொட்டலாமா கூடாதா என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆல்ட்ரின் வேண்டாம் என்று கை காட்டினான். நேரே உமையாளின் அறைக்குப் போனான்.

அவள் அவனுடைய லாக்புக்கை வாங்கி, அன்றைய பறப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மேஜையில் இன்னொரு லாக்புக் இருந்தது. அட்டையில் குகனின் பெயர். பக்கத்தில் ஒரு பயணப் பை.

"எங்க கேப்டன் கிளம்பிட்டீங்க?"

"சேலத்துக்கு. குகனோட அப்பாவைப் பாக்கணும்."

ஆல்ட்ரினுக்குப் புரிந்தது.

"உங்க மேல தப்பில்லைன்னு விசாரணையிலயே எழுதிட்டாங்களே."

"நீங்க கேட்டதை அவங்க கேக்கலை. என் கால் மிதிச்சதை அவங்களுக்கு நேத்தே எழுதி அனுப்பிட்டேன்."

"லைசென்ஸ் போயிடும்."

"போகலாம்."

"அவர் தாங்குவாரா? இத்தனை நாளா அவன் தப்புன்னு மனசைத் தேத்திக்கிட்டு இருப்பார்."

"என்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிருக்கார் ஆல்ட்ரின்."

அதற்குமேல் அவனால் தடுக்க முடியவில்லை. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அவள் லாக்புக்கைப் பையில் வைத்து, பையைத் தோளில் மாட்டினாள். வார் இரண்டு தடவை நழுவியது.

"நானும் கூட வரேன் கேப்டன்" என்றான் ஆல்ட்ரின். "அவருக்கு என்னைத் தெரியும். நீங்க தனியா போக வேண்டாம்."

உமையாள் வாசலில் நின்று திரும்பினாள்.

"நீங்க பக்கத்துல இருந்தா, நான் தடுமாறுற இடத்துல எல்லாம் நீங்க பேசிடுவீங்க. எத்தனை வார்த்தை என்னோடதுன்னு எனக்கே தெரியாமப் போயிடும்."