சேவல் கூவியும் ஏறாத ஓணான்

ஒரு புதர்க்காட்டில் எல்லோருக்கும் வேலை சொல்வது ஒரு காட்டுச்சேவல். கிழக்கு வெளுப்பதற்கு முன்பே அது கூவும். கூவியதும் அவரவர் வேலைக்கு ஓடிவிட வேண்டும். தன் குரலுக்கு ஓடாத காலே இல்லை என்று அதற்கு ஒரே பெருமை!

புதிதாக வந்த ஓணானுக்குக் காவல் வேலை கிடைத்தது. கருவேல மரத்தின் உச்சியில் ஏறி, வல்லூறு வந்தால் கத்த வேண்டும். மரத்தடியில் கௌதாரியின் குஞ்சுகள் மேயும்.

முதல் நாள் சேவல் கூவியது. ஓணான் அசையவில்லை. மறுபடி கூவியது. ஓணான் காலை இழுத்து இழுத்துப் பாதி மரம்கூட ஏறாமல் தொப்பென்று விழுந்தது.

“சோம்பேறி!” என்று சீறியது சேவல்.

“இல்லை ஐயா! நேற்று மத்தியானம் நானாகவே ஏறினேனே! இப்போது என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை!”

அன்று மத்தியானம் கௌதாரி, “எங்கே, ஏறு பார்ப்போம்!” என்றது. பாறையில் படுத்திருந்த ஓணான் விறுவிறுவென்று உச்சிக்குப் போய்விட்டது.

சேவலுக்குக் கோபம் தலைக்கேறியது. “நீ சொன்னால் ஏறுகிறான், நான் கூவினால் விழுகிறானா? நாளைக்கும் ஏறாவிட்டால் காட்டை விட்டே போகட்டும்!”

பாவம், ஓணான் அழுதுவிட்டது. போக அதற்கு வேறு இடம் இல்லை.

மறுநாள் இருட்டோடு கௌதாரி குஞ்சுகளுடன் மரத்தடிக்கு வந்தது. சேவல் கூவியது. ஓணான் அப்படியே கிடந்தது. கௌதாரி அதை அலகால் மெல்லத் தொட்டுப் பார்த்தது.

“அடடா, என்னப்பா இப்படிச் சில்லிட்டுக் கிடக்கிறாய்!”

உடனே சிறகை விரித்து, குஞ்சுகளோடு குஞ்சாக அதையும் அணைத்துக்கொண்டது.

“வேலை நேரத்தில் தாலாட்டா?” என்று கத்தியது சேவல்.

“கொஞ்சம் பொறுங்கள், சேவலாரே! மத்தியானம் இவன் வெயில் காய்ந்துவிட்டு ஏறினான். நீங்கள் கூவும்போது வெயில் ஏது? உங்களுக்கு இறகு இருக்கிறது. இவனுக்கு என்ன இருக்கிறது?”

சேவல் குனிந்து தன் இறகைப் பார்த்துக்கொண்டது.

பொழுது விடிந்தது. ஓணான் சிறகுக்குள்ளிருந்து தலையை நீட்டியது. இரண்டு தரம் ஆட்டியது. பிறகு சரசரவென்று ஏறியது!

“வல்லூறு! வல்லூறு!”

குஞ்சுகள் தாயின் சிறகுக்குள் பாய்ந்தன. சேவலும் புதருக்குள் பாய்ந்தது! வல்லூறு வட்டமிட்டுப் பார்த்துவிட்டு வெறுங்காலோடு போய்விட்டது.

அன்று முதல், பாறையில் வெயில் ஏறியபின் சேவல் இன்னொரு முறை கூவியது. அந்தக் கூவல் ஓணானுக்கு மட்டும்!

ஒருவரால் முடியவில்லை என்று தள்ளிவிடும் முன், முடிந்தபோது அவருக்கு எது துணையாக இருந்தது என்று பார்க்க வேண்டும்.