பினாங்கில் டாக்டர் கற்ற பாடம்

சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணைப் பராமரிக்கும் மூன்று நாள் பயிற்சிக்காகத் திண்டுக்கல் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து தலைமை டாக்டர் தண்டாயுதபாணியும் நர்ஸ் பிலோமினாவும் பினாங்குக்குப் போனார்கள். பிலோமினா வகுப்பில் உட்கார்ந்தாள். டாக்டர் புது ஷூவை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றினார்.

கடைசி நாள் மத்தியானம் நொண்டிக்கொண்டே வந்தார். "மூணு நாளும் நான் பயிற்சியிலதான் இருந்தேன்னு சொல்லி எனக்குச் சான்றிதழ் வாங்கிக் கொடு. இல்லேன்னா கால் புண் வார்டுல உனக்கு இடமில்ல" என்றார்.

அந்த வார்டு என்றால் பிலோமினாவுக்கு உயிர். பொய் சொல்லவோ வாய் வராது.

பயிற்சி நடத்திய பினாங்குத் தமிழர் இந்திராணி, சான்றிதழ் கொடுக்கும்போது, "உங்க டாக்டரை மூணு நாளா வகுப்புல காணவே காணோமே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"அவர் செய்முறைப் பயிற்சியில இருந்தார் மேடம். புது ஷூவோட நாளெல்லாம் நடந்தா கால் என்ன ஆகும்னு தானே செஞ்சு பார்த்தார். கழட்டச் சொல்லிப் பாருங்க."

கழற்றினால், குதிகாலில் எலுமிச்சை அளவு கொப்புளம்! அரங்கமே சிரித்தது. டாக்டரை நாற்காலியில் உட்கார வைத்து, பிலோமினா அங்கேயே பக்குவமாகக் கட்டுப் போட்டாள்.

"வலிக்குதா டாக்டர்?" என்றார் இந்திராணி.

டாக்டர் அசடு வழிந்தார். "துளிகூட இல்லீங்க. எங்க கால் புண் வார்டே இவங்களை நம்பித்தான் இருக்கு."

சான்றிதழ் இல்லாமல் ஊர் திரும்பியவர் அவர் ஒருவர்தான்.