முழங்கால் ஓடையில் முழ நீள மீன்

இந்தக் கதையில ஒரு சிரிப்பு இருக்கு, சுபி. வயித்தைப் புடிச்சுக்கிட்டு உருளுற சிரிப்பு. ஆனா அது எங்க இருக்குன்னு இப்பச் சொல்ல மாட்டேன். அவசரப்பட்டு முன்னாடியே சிரிச்சேன்னு வையி, கதையை மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சிருவேன். போர்வையை இழுத்துக்கோ. நான் நிறுத்துற இடத்துல "ம்" போடணும். வரலைன்னா நீ தூங்கிட்டேன்னு நினைச்சு உன் பங்கையும் நானே சிரிச்சுக்குவேன். சரியா?

ம்.

ஒரு மலையில ஒரு ஓடை. பேருக்குத்தான் ஓடை. நீயே ஒரு எட்டு வச்சா தாண்டிருவே, இறங்கினா முழங்கால் நனையும், அவ்வளவுதான். சலசல சலசலன்னு டீத் தோட்டத்துக்கும் சோலைக்காட்டுக்கும் நடுவுல ஓடிக்கிட்டு இருக்கும். ஒரே ஒரு இடத்துல மட்டும் வளைஞ்சு, கரைக்கு அடியில குடைஞ்சு, ஆளை முழுங்குற ஆழத்துக்கு ஒரு மடு. அந்த மடுவுல, வேருக்குக் கீழ, ஒரு மீன் இருந்துச்சு.

என்ன மீனு? பழுப்பு டிரவுட். முதுகு தேன் நிறம், வயிறு வெண்ணெய் நிறம், ஒடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி, நடுநடுவுல குங்குமம் தெறிச்ச மாதிரி செவப்புப் புள்ளி. சின்ன ஓடையில சின்ன மீன்தானே இருக்கணும்? இது கேக்கல. தவளையைத் தின்னு, தண்ணியில விழுந்த எலியைத் தின்னு, சொந்தக்கார மீனையும் ரெண்டு மூணு தின்னு, ஒரு முழத்துக்கு மேல வளந்து கெடந்துச்சு. அதுக்குக் குரல் இருந்தா எப்படி இருக்கும் தெரியுமா? தொண்டையில தண்ணி நிறைய வச்சுக்கிட்டுப் பேசுற பெரிய மனுசன் குரல். "க்ளொப். யாரு வர்றது? க்ளொப். நான் வீட்ல இல்ல."

இதுக்குச் சிரிக்காதே. இது இல்ல அது.

அப்புறம், அந்த ஓடைக்கு ஒரு காவக்காரர். பேரு மாயழகு. டவுன்ல இருக்கிற மீன்பிடி சங்கம் அவரை வேலைக்கு வச்சிருந்துச்சு. யாரும் வெடி போட்டு, வலை போட்டு மீனை அள்ளிட்டுப் போகாம பாத்துக்கணும். அவர் பேசினா கொட்டாவிக்கு நடுவுல பேசுற மாதிரியே இருக்கும், "ஆஆமாங்க சாஆர்"னு. அவர் பொண்டாட்டி சிட்டம்மா. மடுவுக்குப் பக்கத்துலயே சங்கம் குடுத்த ரெண்டு ரூம் வீடு. பதினோரு வருசமா அங்கதான் இருக்காங்க. அவரைக்கொடி போட்டிருக்காங்க, நாலு கோழி இருக்கு. சிட்டம்மா தெனமும் துணி அலசுறப்போ அந்த மீனைத் தேடுவாங்க. பதினோரு வருசத்துல அவங்க பாத்தது வாலை மட்டுந்தான். ஒரு தடவை சளக்னு திரும்பும், வாலு தெரியும், போயிரும்.

ம்?

ம்.

அப்போ ஒரு நாள் காலையில டுர்ர்ர்னு ஒரு ஜீப்பு. உள்ள இருந்து இறங்குறாரு சங்கத்துச் செயலாளர், புருஷோத்தமன் சார். வாழைப்பழ மஞ்சள்ல மழைக்கோட்டு, முழங்கால் வரைக்கும் பூட்ஸு, கையில ஆளை விட நீளமான தூண்டில். குரலு? பித்தளை அண்டாவுக்குள்ள தலையை விட்டுப் பேசுற குரலு. சட்டைப்பையில ஒரு கடுதாசி வச்சிருந்தாரு. டைப் அடிச்சு முடிஞ்சது, கையெழுத்து மட்டும் பாக்கி. இந்த ஓடையில பெரிய மீனே இல்ல, அதனால காவல் தேவையில்ல, வீட்டையும் மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும்னு அதுல எழுதியிருந்துச்சு. சாயங்காலம் வரைக்கும் தூண்டில் போட்டுப் பாப்பாராம். பெரிய மீன் கெடைச்சா கடுதாசி செல்லாது. கெடைக்கலைன்னா கையெழுத்து.

மாயழகுக்கு மீன் எங்க இருக்குன்னு தெரியும், எப்படிப் புடிக்கணும்னும் தெரியும். ஆனா காவக்காரன் தூண்டிலைத் தொடக் கூடாது, அது சங்கத்துச் சட்டம். சொல்லித் தரலாம்னு வாயத் தொறந்தாரு. டிரவுட்டு எப்பவும் தண்ணி வர்ற பக்கம் மூஞ்சியை வச்சுக்கிட்டு நிக்கும் சார், தண்ணி கொண்டாற பூச்சியைத் திங்கிறதுக்கு. அதனால கீழ இருந்து, அதோட முதுகுப் பக்கமா, குனிஞ்சு, சத்தமில்லாம வரணும்னு மெதுவா சொன்னாரு.

புருஷோத்தமன் சார் கையைத் தூக்கி நிறுத்தினாரு.

"மிஸ்டர் மாயழகு. நான் காஷ்மீர்ல மீன் பிடிச்சவன்."

அவ்வளவுதான், பேச்சு முடிஞ்சுது.

அப்புறம் மொதத் தடவை போனாரு. எங்க இருந்து? மேல இருந்து. எப்படி? தொம், தொம், தொம். பூட்ஸ் வைக்க வைக்கக் கரை அதிருது. மீனு அண்ணாந்து பாக்குது. ஒரு பெரிய வாழைப்பழம் நடந்து வருது. "க்ளொப். நான் வீட்ல இல்ல." வேருக்கடியில போயி ஒட்டிக்கிச்சு. சார் ஒன்றரை மணி நேரம் நின்னாரு. சுண்டுவிரல் அளவுல ஒரு குஞ்சு மாட்டுச்சு, அதுவும் பாவப்பட்டு மாட்டின மாதிரி இருந்துச்சு.

சிரிப்பு வருதா? அடக்கு. இன்னும் வரல அது.

ரெண்டாந் தடவை, கிட்டப் போனாத்தானே தெரியுதுன்னு தூரத்துல நின்னுக்கிட்டாரு. காஷ்மீர்ல எல்லாம் இப்படித்தான்னு சொல்லிக்கிட்டு தூண்டில் கயிறைத் தலைக்கு மேல சுத்துறாரு. ஸ்ஸ்விஷ்ஷ். ஸ்ஸ்விஷ்ஷ். அது எம்மாம் பெரிய ஆத்துல வீசுற வீச்சு. இங்க சுத்திலும் சோலை மரம், தலைக்கு மேல கிளை. மொத வீச்சுல கிளை மாட்டுச்சு. மறு வீச்சுல அவரோட தொப்பியே மாட்டி, பறந்து, தண்ணியில விழுந்து, மீன் தலைக்கு மேலயே மிதந்து போச்சு. கயிறை மட்டும் மீட்டாரு, தொப்பி போனது போனதுதான். இந்த ஓடையே சரியில்லைன்னு தீர்ப்பு சொல்லிட்டு சாப்பிட உக்காந்தாரு.

சிட்டம்மா சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் வச்சாங்க. நல்லாச் சாப்பிட்டாரு, ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கினாரு. அப்புறம் பேனாவைக் கையில எடுத்துக்கிட்டு, கோழியை எல்லாம் எங்க கொண்டு போவீங்கன்னு விசாரிச்சாரு. அக்கறையாத்தான் கேட்டாரு. சிட்டம்மாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. அடுப்படிக்குப் போயிட்டாங்க. மாயழகு பின்னாடியே போனாரு.

ம் சொல்லு.

ம்.

அடுப்படியில என்ன நடந்துச்சுன்னு உனக்கு மட்டும் சொல்றேன். சிட்டம்மாவுக்கு ஒரு வித்தை தெரியும். எந்தக் குரலையும் அப்படியே எடுத்துருவாங்க. பால் வண்டி ஹாரன், சேவல், மாயழகோட கொட்டாவி, எல்லாம். கண்ணைத் தொடைச்சுக்கிட்டு புருசன் காதுல சொன்னாங்க.

"இந்த மனுசனை நிக்க வச்சா மீன் வராது. படுக்க வைப்போம்."

மாயழகு திரும்பி வர்றப்போ மூஞ்சியைப் பயத்துல வெளுத்த மாதிரி வச்சுக்கப் பாத்தாரு. வரல. பல்லு வலி மாதிரி இருந்துச்சு. பரவால்லைன்னு வச்சுக்கிட்டு, சாரோட தோளைத் தொட்டு, மடுவுக்கு மேல இருக்கிற புதரைக் காட்டினாரு.

"சாஆர். காட்டெருமை."

அதே நேரம் புதருக்குள்ள இருந்து, ப்ப்புர்ர்ர். ஹூஃப்.

அந்த மலையில ஒரு பழக்கம் உண்டு. காட்டெருமை நிக்குதுன்னா யாரும் பேச மாட்டாங்க, ஓட மாட்டாங்க, பளிச்னு துணி இருந்தா கழட்டிருவாங்க, குனிஞ்சு ஒதுங்கிப் போயிருவாங்க. சார் இதைக் கேள்விப்பட்டிருக்காரு. காஷ்மீர்ல காட்டெருமை இல்ல, அதனால காஷ்மீர் ஞாபகம் அவருக்கு வரவே இல்ல. ஜீப்பு இருக்கிறது மடுவுக்கு மேல ரோட்டுல. அங்க போகணும்னா ஓடைக்கரையை ஒட்டித்தான் போகணும். காத்து மேல இருந்து கீழ அடிக்குது சார், அதனால சுத்திக் கீழ போயி, அங்க இருந்து மேல தவழ்ந்து வந்தா நம்ம வாடை அதுக்குப் போகாதுன்னு மாயழகு சொன்னாரு. சார் கேள்வியே கேக்கல. மழைக்கோட்டு போச்சு. பூட்ஸு போச்சு. தூண்டிலை மட்டும் விடல, மூஞ்சியெல்லாம் சேறு.

அப்புறம் ரெண்டு பேரும் தவழுறாங்க. சரக். சரக். சரக். புருஷோத்தமன் சார் வயித்தால ஊர்ந்து வர்றாரு, ஒரு புல்லு கூட ஆடல. நடுவுல ஒரு தடவை தலையைத் தூக்கினாரு. ப்ப்புர்ர்ர். தலை கீழ போயிருச்சு. கொஞ்சம் தள்ளி, முழங்காலை ஊனலாமான்னு பாத்தாரு. ஹூஃப். முழங்காலும் படுத்துருச்சு. மூணாவது தடவை, தும்மல் வருது அவருக்கு. ரெண்டு கையாலயும் மூக்கை அமுக்கி, தும்மலை அப்படியே முழுங்கி, கண்ணுல தண்ணி வந்துருச்சு. நீ இப்பச் சிரிப்பை அமுக்குறியே, அந்த மாதிரி அமுக்கினாரு. வாயில இருந்து போர்வையை எடு, மூச்சு விடு.

மடுவுக்குப் பக்கத்துல வந்ததும் காட்டெருமை ரொம்பக் கோவமா மூச்சு விட்டுச்சு. இனி அசையக் கூடாது சார், அது போற வரைக்கும் இப்படியே கெடப்போம்னு மாயழகு காதுல சொன்னாரு. கெடந்தாங்க. கொஞ்ச நேரம் போச்சு. சும்மாத்தானே கெடக்கோம், கயிறை மட்டும் புல்லுக்கு மேலால விட்டுப் பாருங்களேன்னாரு மாயழகு. வீச முடியாது, வீசினா காட்டெருமை பாத்துரும். அதனால சார் தூண்டில் நுனியை மட்டும் மெல்ல நீட்டி, இறகு கட்டின பொய்ப் பூச்சியைத் தண்ணியில பூ வைக்கிற மாதிரி வச்சாரு.

மீனுக்கு முதுகுப் பக்கம் யாரு இருக்கான்னு தெரியல. வாழைப்பழம் இல்ல, தொம் தொம் இல்ல. பூச்சி ஒண்ணு மிதக்குது. "க்ளொப். சரி, வீட்லதான் இருக்கேன்."

ளபக்.

கயிறு விர்ர்ர்ருன்னு போச்சு. சார் பாதி எந்திரிச்சாரு. ப்ப்புர்ர்ர். படுத்தாரு. மீனு வேரைப் பாத்து ஓடுது. வேருல கயிறு சுத்துச்சுன்னா அறுந்துரும், அறுந்தா கையெழுத்து, கையெழுத்துன்னா அவரைக்கொடியும் இல்ல, வீடும் இல்ல. மாயழகு கை தானா தூண்டில் பக்கம் போச்சு. தொடக் கூடாது. கையை மடக்கி, புல்லைப் புடுங்கிக் கடிச்சுக்கிட்டாரு. "வலப்பக்கம் சார், வலப்பக்கம்"னு புல்லோட சேத்து முனகுறாரு. காஷ்மீர்ல மீன் பிடிச்சவர் இந்தத் தடவை கேட்டாரு. வழுக்கிக்கிட்டே தண்ணியில எறங்கி, கழுத்து வரைக்கும் முங்கி, தூண்டிலை வலப்பக்கம் சாச்சு, ஒரு சொட்டுச் சத்தம் இல்லாம இழுத்தாரு. ஒரு தடவை வேரை உரசுச்சு. இன்னொரு தடவை உரசுச்சு. அப்புறம் மீனு களைச்சுத் திரும்புச்சு. ரெண்டு கையாலயும் குழந்தையை அள்ளுற மாதிரி அள்ளி, ஈரப் புல்லுல வச்சாரு.

அடேயப்பா. வாயத் தொறந்து கத்துறாரு, சத்தமே இல்லாம. காட்டெருமை இருக்கில்ல.

அளக்க டேப்பு மழைக்கோட்டுல போயிருச்சு. சட்டைப்பையில இருந்த அந்தக் கடுதாசியை எடுத்தாரு. நனையாம பாலித்தீன் உறைக்குள்ள இருந்துச்சு. மீனுக்குப் பக்கத்துல வச்சு அளந்தாரு. ஒரு கடுதாசி நீளம், அப்புறம் இன்னொரு கடுதாசி, அதுல ரெண்டு விரல் கொறைச்சலு. அவ்வளவு பெரிய மீனை ஓடையிலயே விட்டுரணும், குஞ்சு பொரிக்கிற மீன், சங்கத்துச் சட்டம். விட்டாரு. சளக்னு போயிருச்சு. அப்புறம் கடுதாசியைத் திருப்பிப் போட்டு, படுத்துக்கிட்டே, சேத்துக் கையால எழுதுனாரு. இந்த ஓடையில இருபத்திரண்டு அங்குலப் பழுப்பு டிரவுட் உண்டு, பிடித்தது நானே, காவல் கண்டிப்பாகத் தொடர வேண்டும். கீழ கையெழுத்து. புருஷோத்தமன்னு முழுசா, மீனை விட நீளமா. மாயழகு கிட்டக் குடுத்தாரு, மாயழகு சட்டைக்குள்ள வச்சுக்கிட்டாரு. இனி அந்தக் கடுதாசியைக் கிழிக்கணும்னா சார் தன் மீனையே கிழிக்கணும்.

இவ்வளவும் நடக்குறப்போ சிட்டம்மாவுக்குப் புதருக்குள்ள இருந்து என்ன தெரிஞ்சுது? மாயழகோட முதுகு. அது மட்டுந்தான். பதினோரு வருசமா வாலை மட்டும் பாத்தவங்க. இன்னைக்கு முழு மீனும் கரைக்கு வந்து திரும்பவும் போயிருச்சு, குறுக்க புருசன் முதுகு. எப்படித் தாங்கும்? பல்லைக் கடிச்சுப் பாத்தாங்க. முடியல.

காட்டெருமை கேட்டுச்சு.

"எத்தன அங்குலம்?"

சார் திரும்பிக் கூடப் பாக்கல. வெரலை ஒதட்டுல வச்சு, கிசுகிசுன்னு பதில் சொன்னாரு.

"இருபத்திரண்டு. மெதுவாப் பேசு, காட்டெருமை நிக்குது."

புதரு வாயைப் பொத்திக்கிச்சு. சலசல சலசலன்னு ஓடை மட்டும் ஓடுது. சாரோட ஒரு புருவம் மெல்ல மேல போச்சு. அப்புறம் இன்னொரு புருவமும் போச்சு. புதரைப் பாத்தாரு. தன் வெறுங்காலைப் பாத்தாரு. வயிறு பூரா அப்பியிருக்கிற சேத்தைப் பாத்தாரு. அப்புறம் அண்டாக் குரல்ல, ரொம்ப மரியாதையாக் கேட்டாரு.

"மிஸ்டர் மாயழகு. இப்பக் கேள்வி கேட்டது யாரு?"

இப்பச் சிரி, சுபி. இதுதான் அது. சிரிச்சாச்சா? கதையை ஓடையில விட்டாச்சு, நீ கண்ணை மூடிக்கோ.