பாதபூஜைத் தண்ணீர்

"புல்லு பச்சையாயிடுச்சு சாமி," என்றார் வேதாசலம்.

"நல்லது."

"நீங்க ஊர்ல இல்லாத நாற்பது நாள்ல."



சாமிக்கு வயது முப்பத்தாறு. வேதாசலத்துக்கு ஐம்பத்து மூன்று. ஆனால் 'நீ' என்று கூப்பிடுவது சாமிதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சாமி சொன்னார்: "ஆசிரமத்து முன்னாடி இருக்கிற புல்வெளி எப்ப ஒரு சொட்டை இல்லாம பச்சையா நிக்குதோ, அன்னிக்கு உனக்குக் காவி."

வேதாசலம் மின்வாரிய வேலையை விட்டார். வீட்டை மகனிடம் விட்டார். மண்வெட்டியைப் பிடித்தார்.

கடலோர ஊர். மழை பெய்தாலும் புழுங்கும், பெய்யாவிட்டாலும் புழுங்கும்.

சாயங்காலமானால் பக்தர்கள் சாமியின் காலைப் பாலும் தேனும் தண்ணீரும் விட்டுக் கழுவுவார்கள். அந்தத் தண்ணீர் சாக்கடைக்குப் போகக் கூடாது. கால் படும் இடத்திலும் விழக் கூடாது. அதனால் கயிறு கட்டி, யாரையும் மிதிக்க விடாமல் வைத்திருந்த புல்வெளியில் ஊற்றுவார்கள்.

ஊற்றுகிற வேலையும் வேதாசலத்துக்குத்தான். இரண்டு வாளி. ஒரு புல்லுக்குக் கிடைத்த புண்ணியம் இன்னொன்றுக்குக் கிடைக்காமல் போய்விடக் கூடாதாம். பரப்பிப் பரப்பி ஊற்றுவார்.

புல் அழுகியது. தோசைக்கல் அளவு வட்டம். பிறகு குடை அளவு வட்டம்.

அழுகியதைப் பெயர்த்துவிட்டு, மண்ணோடு வெட்டிய புதுப் புல் பத்தை பதித்தார். யூரியா போட்டார். வேப்பம் புண்ணாக்கு போட்டார். மழையைத் திட்டினார். உப்புக் காற்றைத் திட்டினார். கடைசியில், போன ஜென்மத்துப் பாவம் என்றார்.

களை எடுக்க வந்த பவுனுதான் முதல் மழைக்காலத்திலேயே சொன்னாள்.

"ஐயா, பொழுது சாயுற நேரத்துல புல்லு மேல ஈரத்தை விட்டா விடிய விடியக் காயாது. இந்தப் புழுக்கத்துல அழுகாம என்ன செய்யும்? பாலு வேற ஊத்துறீங்க. உங்களுக்கே நாறலையா?"

"பாத தீர்த்தம் நாறுதுங்கிறியா?"

"பாலு நாறுதுங்கிறேன். யாரு காலைக் கழுவினாலும் பாலு பாலுதான்யா."

வேதாசலம் நேரே சாமியிடம் போனார். மறுநாள் பவுனு வேலைக்கு வரவில்லை.

இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான் இன்று இந்தப் பேச்சு.

"நாற்பது நாளும் மழை சாமி. ஒரு வட்டம் விழலை. இருந்த வட்டமும் மூடிக்கிச்சு. நீங்க இல்ல, பாதபூஜை இல்ல, நான் வாளியைத் தொடல. அவ்வளவுதான் வித்தியாசம்."

"ம்."

"உங்களுக்கு இது தெரியுமா?"

"முதல் வட்டம் விழுந்தப்பவே தெரியும். எங்கப்பா புல்லுப் பத்தை வளர்த்து வித்தவரு."

"ஏன் சொல்லலை?"

"நீ என்னைக்குப் புல்லைப் பத்திக் கேட்டே? காவி எப்போன்னுதானே கேட்டே."

"இப்பக் கேக்கிறேன்."

சாமி ஜன்னலைப் பார்த்தார். வெளியே கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. ஆளுக்கொரு பால் சொம்பு.

"என் காலைக் கழுவின தண்ணியில புல்லு அழுகுதுன்னு நானே சொன்னா, நாளைக்கு இவங்கள்ல யாரு வருவா?"

வேதாசலம் ஜன்னல் வழியே புல்லைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"பவுனு இப்ப எங்க இருக்கா?"

"தெரியாது."

"அவ சொன்னது சரிதானே. தெரிஞ்சும் ஏன் சாமி அனுப்பினீங்க?"

"நீ வந்து சொன்னே. நீ சொல்லலேன்னாலும் அனுப்பியிருப்பேன்."

சாமி பெட்டியைத் திறந்தார். மடித்த காவித் துணியை எடுத்து வேதாசலத்தின் தோளில் போட்டார்.

"இந்தா. சொன்ன சொல்லு சொல்லுதான். இப்ப உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

புதுத் துணி. கஞ்சி வாசம்கூடப் போகவில்லை. வேதாசலம் அதைத் தோளிலிருந்து எடுக்கவில்லை.

மணி அடித்தது. சாமி வெளியே போய்த் தாம்பாளத்தில் காலை வைத்தார். நாற்பது நாள் காத்திருந்த கூட்டம். பால் நிற்காமல் விழுந்தது. இரண்டு வாளியும் நிறைந்தன.

வேதாசலம் வாளிகளைத் தூக்கிக்கொண்டு கயிற்றைத் தாண்டினார். பச்சைப் புல்லின் நடுவே போய் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் அவர் தோளில் இருந்த துணியைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஊத்துங்க சாமி," என்றார்.

வேதாசலத்தை யாரும் அதுவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஊற்றினார். பரப்பிப் பரப்பி.