பின்னால் குதிக்காத இறால்

முழங்கால் ஆழக் கடலில், வெண்மணல் தரையில், ஒரு வளை இருந்தது. கடுக்கன் என்ற இறாலும் ஓர் உளுவை மீனும் அதில் கூட்டுக் குடித்தனம் நடத்தின.

கடுக்கனுக்குப் பார்வை மட்டம். ஒரு சாணுக்கு அப்பால் எல்லாமே மங்கல். ஆனால் தோண்டுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. உளுவைக்குத் தோண்டத் தெரியாது. கண் மட்டும் படு கூர்மை. அதனால் கடுக்கன் மணல் அள்ளும், உளுவை வாசலில் காவல் நிற்கும். கடுக்கனின் நீண்ட மீசைகளில் ஒன்று எப்போதும் உளுவையின் வால்மேல் இருக்கும். வால் துடித்தால் ஆபத்து என்று அர்த்தம். உடனே கடுக்கன் உடம்பை மடக்கிப் பின்பக்கமாக ஒரே குதி குதித்து வளைக்குள் போய் விழும்.

அந்தக் குதிதான் கடுக்கனுக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. காலையிலிருந்து பதினோரு முறை குதித்தாயிற்று, வந்த எதிரியின் முகத்தை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று அது புலம்பியது. பார்த்திருந்தால் புலம்ப நீ இருக்கமாட்டாய் என்றது உளுவை.

அவர்களுடைய பெரிய பயம் முள்ளன். முள்ளன் வெள்ளிபோல மின்னும் மீன். தலையை மணலில் புதைத்து, வாலைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு இறால்களைத் தேடித் தின்னும். உடம்பெல்லாம் முள் என்பதால் அதைச் சமைக்க யாருக்கும் ஆசை இல்லை. ஆனால் அது ஓடினால் அம்பு தோற்கும். அந்த ஓட்டத்தைத் தூண்டிலில் பிடித்துப் பார்ப்பதற்கென்றே சில மனிதர்கள் வருவார்கள். பிடிப்பார்கள், மகிழ்வார்கள், விட்டுவிடுவார்கள்.

கடுக்கனுக்கு இதொன்றும் தெரியாது.

ஒருநாள் காலை, வளை வாசலில் மெத்தென்று ஏதோ வந்து இறங்கியது. கடுக்கன் பார்த்தது. இறால்! இளஞ்சிவப்பு உடம்பு, பொன்னிறக் கோடுகள், மணி போன்ற கண்கள், இறகு போன்ற மீசை. எந்த ஊர், சாப்பிட்டாயிற்றா என்று கடுக்கன் விசாரித்தது. வந்தவர் வாயே திறக்கவில்லை. பெரிய இடத்து ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டது.

அப்போது உளுவையின் வால் துடித்தது. கடுக்கன் வளைக்குள் விழுந்து, கண்களை மட்டும் வெளியே நீட்டியது. முள்ளன் வந்துகொண்டிருந்தது. வாசலில் நின்றவர் ஓடவில்லை. இரண்டு எட்டு தத்தினார், நின்றார். மறுபடி இரண்டு எட்டு, மறுபடி நின்றார். முள்ளன் அவரை லபக்கென்று விழுங்கியது. அடுத்த நொடி கடல் கலங்கியது. முள்ளன் துடித்தது, திமிறியது, கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் பாய்ந்தது, மறுபடி எங்கோ இழுபட்டுப் போயிற்று.

கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் அதே வீரர் மெத்தென்று வந்து இறங்கினார். மீசை மட்டும் சற்றுக் கலைந்திருந்தது.

கடுக்கனுக்கு உடம்பு புல்லரித்தது. "பங்காளி, முள்ளனை ஒழித்துவிட்டு ஒன்றுமே நடக்காததுபோல வந்து நிற்கிறார் பார்!"

உளுவை பொறுமையாக விளக்கியது. அதோ தண்ணீரில் இரண்டு கால்கள் நிற்கின்றன. அவற்றுக்கு மேலே ஒரு மனிதர். அவர் கையில் ஒரு கோல், கோலிலிருந்து ஒரு நூல். இது தூண்டில் முள்மேல் இறகையும் நூலையும் சுற்றிச் செய்த பொம்மை.

"எனக்கு ஒரு நூலும் தெரியவில்லையே" என்றது கடுக்கன்.

"உனக்கு உன் வாசலே பாதிதான் தெரியும். மீசையால் தடவிப் பார்."

கடுக்கன் மீசையை நீட்டுவதற்குள் வீரர் விர்ரென்று மேலே எழும்பி மறைந்தார்.

"பறக்கவும் செய்கிறார்" என்றது கடுக்கன், பக்தியோடு.

அன்றே கடுக்கன் ஒரு முடிவுக்கு வந்தது. ஓடுவதால்தான் இறால்களைத் தின்கிறார்கள். ஓடாமல் நின்றால் தின்ன வந்தவன்தான் ஓடுவான். அது உளுவையின் வாலிலிருந்து மீசையை எடுத்துக்கொண்டது. நெஞ்சை நிமிர்த்தி, இரண்டு எட்டு தத்தி நிற்பதைப் பழகியது.

மதியம் முள்ளன் திரும்பி வந்தது. தூண்டில் குத்திய உதடு இன்னும் வலித்தது. எதிரே ஓர் இறால் ஓடாமல் நிற்கிறது. இரண்டு எட்டு தத்துகிறது, நிற்கிறது. முள்ளன் சடாரென்று பின்வாங்கியது.

"ஐயா, இப்போதுதானே விட்டீர்கள். மறுபடியுமா?" என்று கதறிவிட்டு, வந்த வழியே பறந்தது.

செய்தி பரவியது. பாறை இடுக்கிலிருந்தெல்லாம் நண்டுகள் கடுக்கனைப் பார்க்க வந்தன. வீரம் என்பது பார்வையில் இருக்கிறது என்று கடுக்கன் அவற்றுக்கு எடுத்துச் சொன்னது. பிறகு உளுவையிடம் திரும்பி, இனிமேல் காவல் தேவையில்லை, வேறு இடம் பார்த்துக்கொள் என்றது.

"இது என் வீடும்தான்" என்று சொல்லிவிட்டு உளுவை வாசலிலேயே முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது. ஆனால் கண் மட்டும் கடலை விட்டு அகலவில்லை.

அடுத்த ஏற்றத்தண்ணீரில், கடல் ஏறி வந்த வேளையில், ஒரு புது மீன் வந்தது. முள்ளனுக்கு மைத்துனன் முறை. வெளிப்பாறைப் பக்கம் வளர்ந்தது, தூண்டிலையே அறியாதது. கடுக்கன் முன்னால் வந்து நின்றது. இரண்டு எட்டு தத்தியது.

"நான் யார் தெரியுமா?"

"தெரியும். இறால்" என்று சொல்லி மைத்துனன் வாயைத் திறந்தது.

கடுக்கன் காத்திருந்தது. இதோ கடல் கலங்கும், இதோ இவன் இழுபட்டுப் போவான். ஒன்றும் கலங்கவில்லை. வாய் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒரு சாணுக்குள் வந்ததால் தொண்டைக்குள் இருந்த பல் வரிசை வரைக்கும் கடுக்கனுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அந்த நேரத்தில் மீசைமேல் பளீரென்று ஓர் அடி விழுந்தது. உளுவையின் வால்! கடுக்கன் யோசிக்கவில்லை. பழகிய உடம்பு தானாக மடங்கிப் பின்பக்கமாகக் குதித்தது. வளைக்குள் அது விழுந்தபோது, ஒரு பக்கத்து மீசையில் பாதி இல்லை.

உளுவையும் உள்ளே பாய்ந்துவிட்டது. மைத்துனன் மண்ணைக் கிளறிப் பார்த்துச் சலித்துப் போனது. பிறகு உளுவை வழக்கம்போல வாசலுக்குப் போய் நின்றது. கடைசியில் உள்ளேயிருந்து ஒரு கட்டை மீசை மெல்ல வெளியே வந்து, உளுவையின் வால்மேல் படிந்தது.

"பங்காளி, அந்த நூல் என்ன நிறம்?" என்று கேட்டது கடுக்கன்.

ஒருவருடைய துணிச்சலைப் பார்த்து நாமும் துணிவதற்கு முன், அவரைப் பின்னாலிருந்து பிடித்திருப்பது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.