ஜெபராணி அழிச்ச கேள்வி

ஒரு ஊர்ல ஒரு கதவு இருந்துச்சு. மரக்கதவு இல்ல, இரும்புக் கதவும் இல்ல. போனுக்குள்ள இருக்கிற கதவு. அதுக்குள்ள ஆடு வளக்கிறவங்க முந்நூறு பேர் சேந்து எந்நேரமும் வாட்ஸ்அப்ல பேசிக்கிட்டே இருப்பாங்க. அந்தக் குழுவுக்கு "ஆட்டுப்பட்டி"ன்னு பேரு. அதை நடத்துறவ பூங்கோதை. ஆட்டுக்கு என்ன வந்தாலும் அவளைத்தான் கேப்பாங்க. அவ சொன்னா மறுபேச்சு கிடையாது. என்ன, முழிச்சிருக்கியா?

"ம்."

அப்போ ஜெபராணின்னு ஒரு பொண்ணு அந்தக் குழுவுக்குப் புதுசா வந்தா. மொத மொதல்ல ஒரே ஒரு ஆடு வாங்கியிருந்தா, அதுவும் சினை ஆடு. வந்ததும் வராததுமா ஒரு கேள்வி கேட்டா. "என் ஆட்டுக்கு மேல முன்பல்லே இல்லியே, விழுந்துருச்சா?"ன்னு. எந்த ஆட்டுக்குமே மேல முன்பல்லு கிடையாது, உனக்குத் தெரியுமா? உனக்கும் தெரியாதுல்ல. அவளுக்கும் தெரியல, கேட்டா. அவ்வளவுதான். டிங், டிங், டிங்! இருபத்தேழு பேர் சிரிப்புப் பொம்மை போட்டாங்க. "பல்செட் கட்டி விடுங்க"ன்னு ஒரு பெரிய மனுஷன் நக்கல் வேற. பூங்கோதையும் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுட்டு, அவ பாட்டுக்குச் சோறு வடிக்கப் போயிட்டா.

அப்புறம் ஜெபராணி வாயே தெறக்கல. ஒரு நாளாச்சு, ஒரு வாரமாச்சு. பூங்கோதைக்கு மனசு உறுத்த ஆரம்பிச்சுது. நாமளும் சேந்து சிரிச்சோமேன்னு சோத்துல கை வச்சா நெனப்பு, படுத்தா நெனப்பு. கடைசில புதுசா வர்றவங்க பயப்படாம கேக்கிறதுக்குன்னு "குட்டிப்பட்டி"ன்னு தனியா ஒரு குழு ஆரம்பிச்சா.

மொதத் தடவை, வாசல்லயே முப்பத்திரண்டு விதி எழுதிப் போட்டா. கேட்டதையே திரும்பக் கேக்காதே, குரல்ல பேசி அனுப்பாதே, அதைச் செய்யாதே, இதைச் செய்யாதே. ஒருத்தர் வந்தார், படிச்சார், விருட்டுனு வெளிய போயிட்டார். ரெண்டாவது தடவை, விதியை எடுத்துட்டு ஒரு படிவம் வச்சா. எத்தனை ஆடு, என்ன ரகம், எப்போ ஊசி போட்டீங்கன்னு பதினஞ்சு கேள்வி. பாவம், கேள்வி கேக்க வந்தவங்களுக்கே கேள்வி! ரெண்டு பேர் பேரை மட்டும் எழுதிட்டு ஓடிப் போயிட்டாங்க.

மூணாவது தடவை, எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு ரோசாப்பூ படமும் கும்பிடுற கையுமா, "தயங்காமல் கேளுங்கள்"னு எழுதி வச்சா. இப்போ ஆள் வந்தாங்க. ஜெபராணியோட சேத்துப் பத்தொன்பது பேர். ஆனா ஒருத்தரும் பேசல. கப்சிப். தயங்காதேன்னு சொன்னா தயக்கம் போயிருமாக்கும்! கேக்குதா?

"ம்... ம்."

அப்போ ஒரு புதன்கிழமை மத்தியானம். பூங்கோதை புளி கரைச்சுக்கிட்டு இருந்தா. பக்கத்துல போன். "ஜெபராணி எழுதுகிறார்..."னு வந்துச்சு. பூங்கோதை கையை உதறிட்டுப் பாத்தா. நின்னு போச்சு. கொஞ்ச நேரத்துல மறுபடியும் வந்துச்சு. மறுபடியும் நின்னு போச்சு. மூணாவது தடவை டொக்குனு செய்தியே வந்துருச்சு. படிக்க ஆரம்பிக்கிறா, "வயிறு"ங்கிற ஒரே ஒரு வார்த்தைதான் கண்ணுல பட்டுச்சு. அதுக்குள்ள ஜெபராணி அழிச்சுட்டா.

பூங்கோதைக்குப் பக்குனு ஆயிருச்சு. வயிறா? யாரு வயிறு? ஆட்டு வயிறா, அவ வயிறா? "என்னம்மா ஆச்சு?"ன்னு எழுதினா. பதில் இல்ல. போன் போட்டா. ட்ரிங், ட்ரிங், ட்ரிங்... அடிச்சு அடிச்சு ஓஞ்சு போச்சு. அடுப்புல பருப்பு அடிப்பிடிக்குது, அது கூடத் தெரியல. போய்ப் பாக்கலாம்னா அவ எந்த ஊருன்னு கூடத் தெரியாது.

அப்போ பூங்கோதை என்ன செஞ்சா தெரியுமா? அவ யார்கிட்டயும் சொல்லாத சேதி ஒண்ணு இருந்துச்சு. சொன்னா ஆட்டுப்பட்டி முழுக்கப் பரவும், அப்புறம் அவ பேச்சை எவன் மதிப்பான்? இருந்தாலும் போனை வாய்கிட்ட வச்சு, குரல்லயே பேசி அனுப்பினா.

"ஜெபராணி, நான் பூங்கோதை பேசுறேன். என் மொத ஆட்டை நானே கொன்னுட்டேன். கல்யாண வீட்டுல மிஞ்சின சோத்தைக் குண்டா நெறைய வச்சேன். வயிறு உப்பிப் போச்சு. யாரையாவது கேட்டா சிரிப்பாங்களேன்னு பேசாம இருந்துட்டேன். சாயங்காலம் செத்துப் போச்சு. அன்னைக்கு நீ பல்லைப் பத்திக் கேட்டப்போ நானும் சிரிச்சேன். தப்புதான், தாயி. இப்போ பேசு."

பத்தொன்பது பேரும் அதைக் கேட்டாங்க. அப்புறம் டொக்! ஜெபராணியோட குரல், ஒரே அழுகை.

"அக்கா, நானும் சோறுதான்க்கா வச்சேன். மிச்ச சோறு, வீணாப் போகுதேன்னு. வயிறு பானையா உப்பிருச்சு. பல்லை நறநறன்னு கடிக்குது. கீழ படுத்துருச்சு. உள்ள குட்டி வேற இருக்குக்கா!"

பூங்கோதை ஒடனே பேசி அனுப்பினா. "அழாத. மொதல்ல கால்நடை டாக்டரைக் கூப்பிடு, சோறு தின்னுச்சுன்னு மறைக்காம சொல்லு. வாய்க்கு எதுவும் குடுக்காத. முன்னங்காலு மேட்டுல இருக்கிற மாதிரி எழுப்பி நிறுத்து. நான் போனைக் கையிலேயே வச்சிருக்கேன், என்ன ஆச்சுன்னு சொல்லிக்கிட்டே இரு."

அப்புறம் டாக்டர் வண்டி தடதடன்னு வந்துச்சு. மருந்து ஊத்தினார், ஊசி போட்டார். "இனி அசை போட்டாத்தான் பொழைக்கும்"னு சொல்லிட்டார். மூணு மணியாச்சு. அசை போடல. நாலு மணியாச்சு. போடல. பூங்கோதை மத்தியானச் சோறு திங்காம போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. அஞ்சும் அடிச்சாச்சு. அவளுக்குத் தன்னோட பழைய ஆடு செத்துக் கெடந்தது கண்ணு முன்னாடியே நிக்குது.

அப்போ ஒரு குரல் செய்தி வந்துச்சு. நாலே விநாடி. பயந்து பயந்து காதுல வச்சா. ஜெபராணி பேசவே இல்ல. "சவக்... சவக்... சவக்..." ஆடு அசை போடுற சத்தம்! பூங்கோதை போனைக் கட்டிக்கிட்டு ஓன்னு அழுதுட்டா.

அப்புறம் பாரு, டொக், டொக், டொக்! பேசாம இருந்த மத்த பதினெட்டுப் பேரும் ஆளுக்கொரு கேள்வியா அனுப்பறாங்க. "என் குட்டி மூணு நாளா பால் குடிக்கலியே." "கொம்பு ஒடஞ்சு ரத்தம் வருதே, கேக்க வெக்கமா இருந்துச்சு." பூங்கோதைக்குச் சந்தோசம் ஒரு பக்கம், கலக்கம் ஒரு பக்கம். இத்தனையையும் இத்தனை நாளா உள்ளயே வச்சிருந்தாங்களே, கேக்காமலே போனவங்க எத்தனை பேரோன்னு மனசு அடிச்சுக்குது. விளக்கு வச்சதுக்கு அப்புறமும் ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லிக்கிட்டே இருந்தா. அவ்வளவுதான் கதை. கண்ணை மூடு.

"அத்தை..."

என்னடி?

"ஒண்ணுக்கு வருது."

அடிப்பாவி, எப்போல இருந்து?

"பல்லு விழுந்துருச்சான்னு கேட்டாளே, அப்போல இருந்து. நடுவுல பேசினா நீங்க வைவீங்கன்னு..."

...வையல கண்ணு. நான் ஒரு மடச்சி. வா, கையைப் பிடி, பாத்து எறங்கு. போயிட்டு வந்து படு. ஆடு பொழைச்சாச்சு, கதையும் பட்டில அடைஞ்சாச்சு, நீயும் தூங்கு.