பிரஸ்ஸின் நிறம் பச்சை

மலை ஊர் ஒன்றின் ரைபிள் கிளப்பில் சலோமி என்றொருத்தி இருந்தாள். முப்பத்தைந்து வயது. துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பது அவள் வேலை. கிளப்பில் எல்லாரும் அவளை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். அவளிடம் வேலை கற்க வந்தவர் தணிகாசலம். மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவளைவிட ஒரு தலைமுறை மூத்தவர்.

கிளப்பின் பழைய துப்பாக்கிக்கு ஏற்ற குண்டு கடையில் கிடைக்காது. ஈயத்தை உருக்கி அவர்களே வார்த்துக்கொள்ள வேண்டும். வார்த்த குண்டின் இடுப்பைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடும். அதில் மெழுகு நிரம்பியிருந்தால்தான் ஈயம் குழலில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும். மெழுகு போடுவதற்கென்றே ஒரு பிரஸ் இருந்தது. அதன் வாயில் குண்டை வைத்துக் கைப்பிடியை இழுத்தால், குண்டு உள்ளே இறங்கி, இடுப்பில் மட்டும் மெழுகு கட்டிக்கொண்டு மேலே வரும். சலோமி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அது கிளப்புக்கு வந்துவிட்டது.

மழை விட்ட நாளிலிருந்து தணிகாசலம் தினமும் வந்தார். குளிரில் மெழுகு கல்லாகிவிடும் என்பதால் பிரஸ்ஸுக்கு அடியில் பல்பு எரியவிட்டுச் சூடு காட்டுவார். புது மெழுகுக் கட்டியை உள்ளே இறக்குவார். வெளியே வந்த குண்டுகளைப் பெட்டியில் அடுக்குவார். கைப்பிடியை மட்டும் அவள் தருவதில்லை.

“எனக்கு எப்போ கொடுப்பீங்க மாஸ்டர்?”

“நீங்க அதைப் பழகிட்டீங்க சார். அது உங்களைப் பழகணும்ல.”

“அதுக்கு நான் என்ன செய்யணும்?”

“இப்போதைக்கு டீ போடுங்க.”

ஓய்வு பெற்ற ஃபோர்மேன் இங்கே டீ போடுகிறார் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் வீட்டில் அவருக்கு யாரும் எந்த வேலையும் சொல்வதில்லை. உட்காருங்கள், ஓய்வெடுங்கள் என்பதோடு சரி. இங்கே ஒருத்தி வேலை சொன்னாள். செய்தது சரியில்லை என்றால் திட்டவும் செய்தாள். அதற்காகவே அவர் சாப்பிட்டதும் சாப்பிடாததுமாக ஓடி வருவார்.

வருடாந்தரப் போட்டிக்கு முந்தின நாள், சலோமி ஏதோ சாமான் வாங்கக் கீழே டவுனுக்குப் புறப்பட்டாள்.

“குண்டெல்லாம் வார்த்தாச்சு. நான் வந்ததும் மெழுகு போட்டுடலாம். பிரஸ்ஸைக் கொஞ்சம் பார்த்துக்குங்க சார்.”

தணிகாசலம் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. மேலெல்லாம் கறுப்பு. மூட்டுக்கு மூட்டு பழைய மெழுகு பிசினாய் இறுகிக் கிடந்தது. மாஸ்டர் திரும்பி வரும்போது அசந்துபோக வேண்டும் என்று நினைத்தார். திருகுகளைக் கழற்றினார். பிசினைச் சுரண்டி எறிந்தார். ஒவ்வொரு பாகத்தையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தார். திரும்பப் பூட்டியபோது அது புதுமணப்பெண் மாதிரி பளபளத்தது.

ஆசை தாங்காமல் ஒரு குண்டை வைத்து இழுத்தார்.

மெழுகு பள்ளத்தைத் தவிர எல்லா இடத்துக்கும் போனது. பக்கவாட்டில் பிதுங்கியது, அடியில் வழிந்தது. அவர் திருகை இறுக்கினார். இன்னும் வேகமாக வழிந்தது. குண்டின் அடிப்பாகம் முழுக்க மெழுகு. அடியில் மெழுகு பட்டால் வெடிமருந்து கெட்டுவிடும். நாளைக்குப் பழைய துப்பாக்கி களத்தில் இறங்காது. தானும் இனி இந்த அறைக்குள் வர முடியாது.

சலோமி உள்ளே வந்தபோது அவர் முழங்கை வரை மெழுகோடு நின்றுகொண்டிருந்தார்.

அவள் பிரஸ்ஸைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். நின்றுகொண்டு சிரிக்க முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“இதோட நிறம் பச்சையா சார்? இத்தனை வருஷமா எனக்கே தெரியாது.”

“சுத்தம் பண்ணினேன் மாஸ்டர்.”

“தெரியுது. ஊருக்கே மண்ணெண்ணெய் வாசம் வருது.”

“என்ன ஆச்சு இதுக்கு?”

“உள்ளே தேய்ஞ்ச இடத்தையெல்லாம் அந்த அழுக்குதான் அடைச்சு வச்சிருந்துச்சு. நீங்க துடைச்சிட்டீங்க.”

“இப்போ என்ன பண்றது?”

“இழுங்க.”

“நானா?”

“நான் நல்ல புடவை கட்டியிருக்கேன்.”

அவர் இழுத்தார். வழிந்தது. வழிந்ததை விரலால் வழித்து மறுபடி உள்ளே போட்டார். கெட்டுப்போன குண்டைத் துடைத்து மறுபடி வைத்தார். இழுத்தார். அவள் அசையாமல் உட்கார்ந்து, டவுனில் பஸ் கண்டக்டரோடு போட்ட சண்டையை நடித்துக் காட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே இழுத்தார். மீசையில் மெழுகு ஏறியது. அதைச் சொல்லியும் அவள் சிரித்தாள்.

மலைக்குளிருக்கு, இடுக்குகளில் ஏறிய மெழுகு மெல்ல மெல்ல இறுகியது. ஒழுகல் கோடாயிற்று. கோடு புள்ளியாயிற்று. வெயில் சாயும் வேளையில் ஒரு குண்டு இடுப்பில் மட்டும் ஒட்டியாணம் கட்டிக்கொண்டு மேலே வந்தது. அடியில் பொட்டு மெழுகு இல்லை. அவர் மூச்சுக்கூட விடாமல் அடுத்ததை வைத்தார். அதுவும் அப்படியே வந்தது.

பெட்டி பாதி நிறைந்ததும் சலோமி எழுந்தாள்.

“நகருங்க சார். மீதியை நான் போடறேன்.”

அவள் இடது கைக்காரி. பிரஸ்ஸின் அந்தப் பக்கம் போய் நின்று இழுத்தாள். மெழுகு பிதுங்கிக்கொண்டு வந்தது. மறுபடி இழுத்தாள். புடவை போயிற்று.

தணிகாசலம் தன் பக்கம் நின்று வலது கையால் இழுத்துப் பார்த்தார். குண்டு சுத்தமாக வந்தது. இடுக்குகளில் மெழுகு அவர் இழுத்த சாய்வுக்கே இறுகியிருந்தது.

அவர் கைப்பிடியைச் சட்டென்று விட்டார்.

“மறுபடி கழுவி உங்க கைக்குத் தோதா ஆக்கிடறேன் மாஸ்டர். இன்னிக்கு ராத்திரிக்குள்ள முடிச்சிடறேன். அப்புறம் நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்.”

சலோமி முந்தானையைப் பார்த்தாள். பிறகு ஸ்டூலில் போய் உட்கார்ந்து, வசதியாகக் காலை நீட்டிக்கொண்டாள்.

“நல்லா இருக்கே கதை. நீங்க வரலேன்னா யார் சார் போடறது? என் கைக்குத்தான் ஒழுகுதே.”